இரண்டடித் தொட்டிக்கு ஒரு நட்சத்திர மீன்

தூத்துக்குடியில் நட்சத்திர மீனைக் கடையில் வாங்க முடியாது. பெண் பார்க்க வருவதுபோல அதுவே வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்க்கும். பிடித்தால் தங்கும். பிடிக்காவிட்டால் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போய்விடும்.

ஜெசிந்தா வைத்திருந்தது பவளமும் மீனும் வளர்க்கும் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. கடலிடம் தண்ணீர் வாங்கித் தொட்டி வைப்பவர்கள் எட்டு மாதத்துக்குள் ஒரு நட்சத்திர மீனையாவது குடிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடல் நேரில் வந்து தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விடும். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையோடு கெடு முடிகிறது. தண்ணீர் போனால் அதிலிருக்கும் கோமாளி மீன்கள் இரண்டும் போச்சு. காலையில் தொட்டிக்குள் விரலை விட்டால் ஓடிவந்து முட்டுகிற மீன்கள்.

வியாழக்கிழமை நீல நட்சத்திர மீன் தன் தாய்மாமனோடு வந்தது. நாற்காலியில் ஈரமாக உட்கார்ந்து, ஐந்து கைகளாலும் ஐந்து பஜ்ஜி எடுத்துக்கொண்டது.

"தொட்டிக்கு என்ன வயசு?" என்றார் மாமன்.

"வர்ற ஞாயித்துக்கிழமையோட எட்டு மாசம்."

"ஒரு வருசம் ஆகாத தொட்டியில நாங்க கால் வைக்கிறதில்ல. சரி, ஊருக்குப் போயி சொல்லி அனுப்புதோம்."

எட்டு மாதத்துக்குள் வை என்கிறது கடல். ஒரு வருஷம் ஆகட்டும் என்கிறது மீன். நடுவில் மாவு கரைத்துக் கரைத்து ஓய்ந்தது இவள் கைதான்.

வெள்ளிக்கிழமை மணல் சலிக்கும் நட்சத்திர மீன் வந்தது. தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தது. "மூணு மாசச் சாப்பாடுதான் இருக்கு. அப்புறம் பட்டினிதான்" என்றது. அதுவும் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனது.

சனிக்கிழமை வந்தது முதுகில் கொம்பு முளைத்த சிவப்பு நட்சத்திர மீன். எதற்கும் முகம் சுளிக்கவில்லை. தொட்டிக்குள் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ரொம்பப் பிடித்திருக்கிறது என்று மென்றுகொண்டே சொன்னது. என்னத்தை மெல்லுகிறது என்று பார்த்தால் பச்சைப் பவளத்தைக் காணோம்.

"ஏங்க, உங்களுக்கே இது நல்லாருக்கா? எந்திரிங்க முதல்ல!" என்று ஜெசிந்தா கத்திவிட்டாள். அது மிச்ச பஜ்ஜியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனது.

அவள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். "மூணு நாளா அடுப்படியில வெந்துட்டேன். ஒருத்தருக்காவது இரக்கம் உண்டா?"

"அக்கா" என்று கண்ணாடி மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. விரல் நகம் அளவில் சாம்பல் நிற நட்சத்திர மீன் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "நீங்க வாங்கின பவளக் கல்லுல ஒட்டிக்கிட்டு வந்தவன் நான். எட்டு மாசமா இங்கதான் இருக்கேன்."

ஜெசிந்தாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"பஜ்ஜி வைக்காம எப்படிக்கா பேச்சை ஆரம்பிக்கிறது?"

அதுவும் நியாயம்தான். அவள் ஒரு துணுக்கு பஜ்ஜியைக் கிள்ளிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கூடத்தில் முழங்கால் அளவுக்கு நின்று எட்டிப் பார்த்தது.

"சின்னதா இருக்கே" என்றது.

"நட்சத்திர மீன்தானே?" என்றாள் ஜெசிந்தா.

கடல் அதன் கைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனது. அவள் தொட்டிக்குள் விரலை விட்டாள். கோமாளி மீன்கள் ஓடிவந்து முட்டின.

அன்று மாலை சின்ன மீன் நடுவில் பிளந்து இரண்டானது. ஒரு பாதி தொட்டியில் தங்கியது. தெற்குத் தெருவில் ஒரு தொட்டி இருக்கிறதாம், பார்க்கப் போகவேண்டும், பெரியவர்கள் யாராவது கூட வந்தால்தான் மரியாதை என்றது மறுபாதி.

ஜெசிந்தா பட்டுப் புடவை கட்டி, அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போனாள். அந்த வீட்டுக்காரி கையெல்லாம் மாவோடு வந்து தட்டை வைத்தாள். ஜெசிந்தா மூன்று பஜ்ஜி சாப்பிட்டாள். தொட்டிக்கு என்ன வயசு என்று கேட்டாள். பிறகு எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஊருக்குப் போயி சொல்லி அனுப்புதோம்" என்றாள்.