அண்ணன் தலைக்கு மேலே

இப்போதெல்லாம் யாரும் படம் பார்ப்பதில்லை, படத்தைத் தள்ளுகிறார்கள் என்பது பிரேம்காரரின் கட்சி. உலகத்தில் எடுத்த படமெல்லாம் வீட்டுக்குள் வந்து வரிசையில் நிற்கிறது. எதைப் பார்க்கலாம் என்று அரை மணி நேரம் விரலால் தள்ளுவது. ஒன்றைப் பிடித்துப் போட்டால், பாட்டு வந்தால் தள்ளுவது, அழுகை வந்தால் தள்ளுவது, கதாநாயகி மாடிப்படி இறங்கினால் அதையும் தள்ளுவது. பாதியில் எழுந்துபோய் 'பார்த்தாச்சு' என்று வேறு சொல்வது. சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு ஏப்பம் விடுகிற கூட்டம். போதாததற்கு ஒரு கையில் போன். "நமக்கெல்லாம் ரெண்டு கண்ணு. இவனுங்களுக்கு மட்டும் ஆளுக்கு நாலு வச்சுப் படைச்சிருக்கான் போல" என்று போட்டோவுக்குப் பிரேம் போடக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டையோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் படம் பார்க்கக் கிளம்பினார் என்றால், காரணம் சாதாரணமாக இருக்க முடியாது. முந்தின நாள் மகள் போன் செய்திருந்தாள்.

"அப்பா, உங்க படம் வந்திருக்கு."

"என் படமா? நான் இன்னும் உசுரோடதானேம்மா இருக்கேன்?"

"ஐயோ, அது இல்லப்பா. அந்த அண்ணன் தம்பி படம். நீங்க பிரேம் போட்டுக் குடுத்தீங்களே, அது. டிவியில இருக்கு. எப்ப வேணா பாக்கலாம்."

பிரேம்காரருக்கு வழக்கம்போல் சந்தேகம் வந்தது. "நாப்பத்தோரு வருஷமா எங்க இருந்துச்சு? எவன் வச்சிருந்தான்? இப்ப எதுக்கு வெளிய விடுறான்?"

நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில் சினிமாக் கம்பெனி ஆள் ஒருவன் அவர் கடைக்கு ஓடி வந்தான். செத்துப்போன பெரியவரின் ஆளுயரப் படம், அதற்குச் சாயங்காலத்துக்குள் பிரேம் வேண்டும் என்றான். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், அன்று சோறு தண்ணி பார்க்காமல் தேக்குச் சட்டத்தில் அதைச் செய்து கொடுத்தார். படத்தில் அண்ணன், தம்பியை வீட்டைவிட்டுத் துரத்துகிற கட்டம். அண்ணன் தலைக்கு மேலே சுவரில் அந்தப் பிரேம் தொங்கும். முழுசாகத் தெரியாது. கீழ்ப்பகுதி மட்டும் தெரியும். பெரியவரின் முகம் இருக்காது. கைத்தடியைப் பிடித்த கை மட்டும் இருக்கும். இதை இப்படியே, ஒரு அங்குலம் கூட்டாமல் குறைக்காமல், நாற்பத்தோரு வருஷமாகச் சொல்லி வந்தார்.

சாட்சிக்குத்தான் ஆள் இல்லை. கூட உட்கார்ந்து பார்த்த மனைவி, அந்தக் கட்டத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். இரண்டாம் தடவை அழைத்துப் போனார். அப்போதும் அழுதாள். மூன்றாம் தடவை போவதற்குள் படம் தியேட்டரைவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கேயும் வரவில்லை.

ஊர் நம்பாவிட்டால் போகட்டும். மகள்தான் உறுத்தல். ஏழாம் வகுப்பில் 'எங்கப்பா போட்ட பிரேம் சினிமாவில் வந்திருக்கு' என்று பெருமையாகச் சொல்லி, 'புளுகுமூட்டை' என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு அழுதபடி வீட்டுக்கு வந்தவள் அவள். அன்றிலிருந்து அப்பா அந்தக் கதையை எடுத்தால், பாத்திரம் எடுக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விடுவாள். பெற்ற பெண் எழுந்து போகலாமா? இன்றைக்கு அவளை உட்காரவைத்துக் காட்டிவிட வேண்டும் என்றுதான் அந்த இஸ்திரிச் சட்டை.

மகள் வீட்டில் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருந்தார். சம்பந்திதான் நடுக்கூடத்தில், ரிமோட்டை விசிறிபோல் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் மருந்துக்கடை நடத்தியவர். சீட்டு இல்லாமல் எதையும் நம்ப மாட்டார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. நட்சத்திரமே நேர்ல வந்தாச்சு. உக்காருங்க."

"கிண்டலை எல்லாம் சேத்து வைங்க. பின்னாடி தேவைப்படும்" என்று பிரேம்காரர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

எதிர்ச் சுவரை அடைத்துக்கொண்டு டிவி இருந்தது. கட்டிலை நிமிர்த்தி வைத்ததுபோல் நீளம். சம்பந்தி பிள்ளையோடு போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியது. மகள் டீ டம்ளர்களை வைத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

படம் ஆரம்பித்தது. மழைக்கோடு மாதிரி கீறல் விழுந்த படமாக இருக்கும் என்று நினைத்து வந்தவர் பிரேம்காரர். கழுவித் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கதாநாயகியின் காதோரத்து முடியை எண்ணலாம். வண்டி கிளம்பும்போது சக்கரத்தில் ஒட்டியிருந்த சேறு தெரிந்தது.

"பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது, மற்றவர்கள் எழுந்து கைதட்டுவதற்குச் சமம்.

மனைவி வசனத்தை நடிகைக்கு அரை நொடி முன்னால் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி வீட்டுத் தாழ்வாரத்தில் நடந்து வந்தான், வந்தான், வந்துகொண்டே இருந்தான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பயப்படுவதற்குப் பார்க்கிறவருக்கு நேரம் கொடுத்துத்தான் அந்தக் காலத்தில் நடக்கவைத்தார்கள். பிரேம்காரர் சோபா நுனியிலிருந்து தன்னை அறியாமல் பின்னால் சாய்ந்தார்.

திடீரென்று தம்பி ஓட ஆரம்பித்தான். குரல் எலிக்குஞ்சு மாதிரி ஆனது.

"என்ன சம்பந்தி பண்ணீங்க?"

"ஒன்றரை மடங்கு வேகம். நடந்துக்கிட்டே இருக்கான், எப்ப வந்து சேர்றது?"

"நீங்க மருந்தை ஒன்றரை மடங்கு குடுப்பீங்களா? அவன் நடையில நடக்கட்டும், விடுங்க."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தம்பி மறுபடி நிதானத்துக்கு வந்தான்.

கடைசியில் அந்தக் கட்டம் வந்தது. கூடத்தின் நடுவில் அண்ணன் நின்றான். "இந்த வாசப்படியை இனி நீ மிதிக்கக் கூடாது" என்று விரலை நீட்டினான். மனைவி முகத்தைப் பொத்தக் கையைத் தூக்கினாள்.

"பொத்தினே, தொலைச்சுடுவேன்!" என்று கத்திவிட்டு, பிரேம்காரர் திரையைக் காட்டினார். "அதோ, அண்ணன் தலைக்கு மேல..."

அண்ணன் தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. நெற்றி இருந்தது. நெற்றியோடு படம் முடிந்தது. இரண்டு பக்கமும் வெறும் சுவர்.

சம்பந்தி படத்தை நிறுத்தினார். சாவகாசமாக ஒரு வாய் டீ குடித்தார். "எங்க சம்பந்தி? எனக்குக் கண்ணாடி மாத்தணுமோ?"

பிரேம்காரர் திரையின் மேல்விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே இந்தக் கதையைச் சொன்னீங்க. அன்னிக்கே பாதியைக் கழிச்சுட்டேன். மீதிப் பாதியும் இன்னிக்குப் போச்சு."

"விடுங்க மாமா" என்றாள் மகள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தி, காய்ச்சல்காரரிடம் பேசுவதுபோல் பேசினாள். "போகட்டும்பா. ரொம்ப வருஷம் ஆச்சுல்ல? வேற ஏதாவது படமா இருக்கும். டீ ஆறுது, குடிங்க." சொல்லிவிட்டு, காலியாகாத டம்ளர்களை எடுக்க எழுந்தாள்.

சம்பந்தியின் கேலியைத் தூசு மாதிரி தட்டிவிடலாம். இந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை.

"உக்காரு" என்றார். "ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது."

எழுந்து டிவிக்குக் கிட்டே போனார். அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். மற்றவர்கள் படத்தில் கதை பார்ப்பார்கள். அவர் அறுபது வருஷமாக ஓரம் பார்த்தவர். அண்ணனுக்கு நெற்றிக்கு மேல் தலை இல்லை. கீழே, மேசையில் தம்பி வைத்த சாவியைப் பார்த்து எல்லோரும் அழுகிறார்கள். சாவியும் இல்லை, மேசையும் இல்லை.

"முதல்லேருந்து போடுங்க. பேர் போடுற இடம்."

சம்பந்தி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஓட்டினார். பேர்கள் வந்தன. மேல்வரி எழுத்துகளுக்குத் தலை இல்லை. கீழ்வரி எழுத்துகளுக்குக் கால் இல்லை.

பிரேம்காரர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் அளவு டேப்பை இழுத்து, டிவியின் நீளத்தையும் உயரத்தையும் பிடித்தார்.

"இது தப்பான அளவு. அந்தக் காலத்துப் படம் இவ்வளவு நீட்டு இல்ல. ஏறக்குறையச் சதுரம். எங்க தொழில்ல இப்படிச் சில பயலுக உண்டு. பிரேம் ரெடியா இருக்கும், போட்டோ அதுல அடங்காது. போட்டோவுக்குத் தகுந்த பிரேம் போடச் சோம்பல். கத்தியை எடுத்து போட்டோவை வெட்டிடுவான். கல்யாணப் போட்டோவுல மாமனார் தலை போயிரும். கேட்டா, 'பிரேம் நல்லா இருக்குல்ல?' என்பான். இங்கயும் எவனோ மேலயும் கீழயும் வெட்டியிருக்கான்."

"அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் வெட்டுவானா? தோத்துட்டா ஒத்துக்கணும் சம்பந்தி."

மகள் மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்ட எழுத்துகளைப் பார்த்தாள். மாமனாரின் கையிலிருந்து ரிமோட்டை மெதுவாக வாங்கி, ஏதேதோ அமுக்கினாள்.

"மாமா, இதுல 'ஜூம்' போட்டு வச்சிருக்கே. நீங்க போட்டீங்களா?"

சம்பந்தி டம்ளருக்குள் பார்த்தார். "அது வந்தும்மா... பழைய படம் போட்டா ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை பட்டையா வருது. இவ்வளவு பெரிய டிவி வாங்கிட்டு, கறுப்பைப் பாத்துட்டா இருக்க முடியும்? ஒரு பட்டனை அமுக்கினேன். நெறஞ்சு போச்சு."

"அமுக்கினாராம்!" என்றார் பிரேம்காரர். "வெட்டின கத்தி வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு!"

மகள் மறுபடி ஒரு பட்டனை அமுக்கினாள். படம் சுருங்கியது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது. எழுத்துகளுக்குத் தலையும் காலும் முளைத்தன. அவள் படத்தை ஓட்டிக்கொண்டே போய் அந்தக் கட்டத்தில் நிறுத்தினாள்.

அண்ணனுக்குத் தலை இருந்தது. தலைக்கு மேலே தேக்குப் பிரேம் இருந்தது. கீழ்ப்பகுதி மட்டும். முகம் இல்லை. கைத்தடியைப் பிடித்த கை.

"அப்பா!" என்று மகள் கூச்சலிட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "அப்பா, இருக்குப்பா! கைத்தடி இருக்குப்பா! அப்படியே சொன்னீங்களேப்பா!" அவள் ஏழாம் வகுப்புப் பெண்ணைப்போல் குதித்தாள். மனைவி இந்தத் தடவையும் அழுதாள். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு அழுதாள்.

சம்பந்தி எழுந்து வந்து பிரேம்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கழிச்ச ரெண்டு பாதியையும் திருப்பிக் குடுத்துட்டேன். மன்னிக்கணும்." சொன்னவர், கிட்டே வந்த கையோடு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துத் திரையை உற்றுப் பார்த்தார். "அட, என்ன துல்லியம்! மரத்துல ஓடுற வரிகூடத் தெரியுது. ஆமா, இந்த இடது மூலையில என்ன சம்பந்தி, கறுப்பா?"

பிரேம்காரர் பார்த்தார்.

கீழ்ச்சட்டமும் பக்கச்சட்டமும் சேருகிற மூலை. சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. ஒரு தீக்குச்சி நுழைகிற அளவுக்கு இடைவெளி. பின்னால் நிழலில் இருந்த சுவர் அதன் வழியாக எட்டிப் பார்த்தது.

"இது என்னோடது இல்ல" என்றார் பிரேம்காரர்.

"ஏங்க!" என்றாள் மனைவி.

"என்னோடது இல்ல. நான் போட்ட மூலையில பிளேடு நுழையாது. இது எவனோ போட்டது."

"நாப்பத்தோரு வருஷமா என்னோடதுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு, இப்ப இல்லைன்னா எப்படிங்க?"

"நான் செஞ்சு குடுத்ததை அவனுங்க தூக்கிட்டுப் போறப்ப கீழ போட்டு உடைச்சிருப்பானுங்க. கைக்குக் கிடைச்சவனை வச்சு வேற ஒண்ணு பண்ணியிருப்பானுங்க. சினிமாக்காரனுங்கதானே. இல்லைன்னா, கழுவித் துடைக்கிறேன்னு இப்ப எவனோ மூலையைச் சுரண்டியிருக்கான். தியேட்டர்ல ரெண்டு தடவை பாத்தேன், இந்த ஓட்டை இல்ல."

சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

மகள் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "அப்பா, அது உங்களோடதுதான். அவசரத்துல ஒரே நாள்ல செஞ்சீங்க. அதுக்கென்ன இப்ப? நான் நம்புறேன்பா."

"நம்பாதே" என்றார் பிரேம்காரர். "உங்கப்பன் ஓட்டை மூலை போட்டவன்னு நீ நம்பவே கூடாது."

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். மனைவியைக் கூப்பிட்டார். படம் முடியாமல் தன்னால் வர முடியாது என்று அவள் கையை ஆட்டினாள். மகள் வாசல்வரை வந்து, "அடுத்த வாரம் வாங்கப்பா, மீதியைப் பாக்கலாம்" என்றாள்.

"முதல்ல அந்த சினிமாக்காரனுங்ககிட்டக் கேளு, அது எந்தக் கடையில போட்ட பிரேமுன்னு" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினார். மேலே டிவியில் தம்பி வீட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தான். நிதானமாக, யாரும் தள்ளாமல். பிரேம்காரர் கடைசிப் படியில் நின்று கொஞ்சம் கேட்டார். தலையை இல்லை இல்லை என்று ஆட்டியபடி தெருவில் நடந்தார்.