பாசஞ்சர் நேரம்

ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் பூத்த நீரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவிடம் மகன் ஆன்டனி குனிந்து சொன்னான்.

"காலையில ஏழு மணிக்கெல்லாம் அப்பாவ எடுத்துடலாம்மா. எட்டரைக்கு பாசஞ்சர். ஸ்டேஷன் ஜனம் மண்ணு போட்டுட்டு வேலைக்கி போவணும்னு கேக்குது. ஃபாதரும் சரின்னுட்டாரு."

"சாவு எடுக்கறதுக்கும் பாசஞ்சர் டைமுதானா?" என்றாள். அவன் வாசல் பக்கம் கையைக் காட்டினான்.

வாசல் முழுக்க அந்த ஜனம்தான், தோளில் சாப்பாட்டுப் பையோடு. அவளுக்கு வயிறு எரிந்தது. இருபத்திநாலு வருஷமாக எரிகிற வயிறு அது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், வண்டி நிற்காத வெறும் மண்மேடாகக் கிடந்த இடம். அவள் புருஷன் இருதயநாதன்தான் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி, மனுமேல் மனு போட்டு, பாசஞ்சரை ஒரு நிமிஷம் நிற்க வைத்தார். ஹால்ட் ஏஜெண்டாகித் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தார். தகரம் போய்க் கட்டடம் வந்தது. இன்னொரு தண்டவாளம் வந்தது. வண்டியே ஓடாத கொரோனா காலத்திலும் தினம் போய்ப் பிளாட்பாரத்தைப் பெருக்கிவிட்டு வந்தார். வீட்டில் ஒருநாள் துடைப்பத்தைத் தொட்டவரில்லை. அந்த ஸ்டேஷன் சக்களத்தி இல்லாமல் வேறென்ன? அந்த வீம்பில் ஜெசிந்தா ஒருமுறைகூட அங்கே வண்டி ஏறியதில்லை. திண்டிவனம் போக, கூட்டேரிப்பட்டுக்கு நடந்து பஸ் பிடிப்பாள்.

ஆனால் கடைசியில் ஜெயித்தது தான்தான் என்று நினைத்திருந்தாள். நேற்று ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, கண் திறக்காமலே "எங்க?" என்றார். "இங்கதாங்க இருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதோடு சரி. போகும்போது தன்னைத்தான் தேடினார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மலர்விழியிடமும் சொன்னாள். செங்கல்பட்டில் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகிற பெண். கேட்டதும் அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது.

"கவுன்ட்டர்லயும் அப்டித்தாம்மா. தல நிமிராம 'எங்க?'ன்னு கேப்பாரு. நாங்க எறங்கற ஊர சொல்லுவோம். அந்தக் கொரலு காதுல கேட்டுக்கினே இருக்குதும்மா."

ஜெசிந்தா துடைப்பதை நிறுத்தினாள். அதன்பிறகு யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை கோயிலில் பூசை நீண்டுவிட்டது. கல்லறை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அமரர் ஊர்தி ஸ்டேஷன் ஓரம் வந்தபோது கேட் சாத்தியிருந்தது. விழுப்புரம் பக்கமிருந்து பாசஞ்சர் வந்துகொண்டிருந்தது. பின்னால் நடந்து வந்த கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

மலர்விழி ஊர்தியின் கதவருகே வந்தாள். "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. லேட்டா போனா உள்ளயே வுட மாட்டாங்க. இன்னொரு நாளு வர்றேன்."

அவள் ஓடினாள். அவள் பின்னால் எல்லோரும் ஓடினார்கள், செருப்பு கழன்றவர்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு நிமிஷம் நின்று, அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது. ரோட்டில் ஆன்டனியும் நாலைந்து உறவுக்காரர்களும் நின்றார்கள். ஊர்திக்குள் அவளும் பெட்டியும் மட்டும்.

கேட் தூக்கினார்கள்.

"போலாமாம்மா?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இருப்பா. செத்த நேரம் ஆவட்டும்."

ஸ்டேஷன் ஜனம் போட்டிருந்த மாலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, பெட்டிமேல் கை வைத்துக்கொண்டாள். பின்னால் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.