சூரியனின் முதுகு

பின்னாளில் வெள்ளையம்மாள் என்று பெயர் பெற்ற குழந்தையின் உடம்பில் மச்சங்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1958ஆம் வருஷம் தை மாதம், ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூரில் ரெங்கராஜுக்குப் பிறந்த பெண் அது. மச்சங்கள் வலது விலாவில் தலைகாட்டி, நாளுக்குக் கொஞ்சமாக மார்பைக் கடந்து, இடது விலாவில் இறங்கி முதுகுக்குப் போயின. முதுகிலும் அப்படியே ஊர்ந்து, இரண்டு வாரம் போல ஆனதும் மறுபடி முன்பக்கம் வந்து சேர்ந்தன. சில வழியிலேயே கரைந்தன, சில புதிதாக முளைத்தன. குழந்தைக்கு வலியில்லை, அரிப்பில்லை, நன்றாகப் பால் குடித்தது. கொள்ளிடக் கரையில் அந்த வருஷம் பூவன் வாழைத்தார் நல்ல விளைச்சல், விலைதான் படுத்துவிட்டது. பல் முளைப்பது, குப்புற விழுவது போல இதுவும் பிள்ளைகளுக்கு உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் அத்தோடு விஷயம் முடிந்திருக்கும்.

முடியவிடாதவர் ரெங்கராஜின் அப்பா அழகிரி. காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். தன் தார்களின் காம்பில் சுண்ணாம்புக் குறி வைத்துவிடுவார். குறியில்லாத தார் தங்கமாகவே இருந்தாலும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். அவருக்கும், அவருடைய அப்பாவுக்கும், மகன் ரெங்கராஜுக்கும் இடது காறை எலும்புக்குக் கீழே மிளகளவில் ஒரு மச்சம் உண்டு. ஆஸ்பத்திரியில் பேத்திக்கும் அதே இடத்தில் அதைப் பார்த்துவிட்டு வார்டு முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். ஒரு வாரம் கழித்து வீட்டில் குளிப்பாட்டும்போது பார்த்தால், அந்த இடம் துடைத்த பலகையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறிவிட்டது என்று அன்றைக்கே முடிவுகட்டினார். பக்கத்துக் கட்டிலில் அதே நாளில் பெண் பெற்றவள் உப்பிலியபுரத்துக் காளியாயி. அழகிரி பஸ் ஏறி அங்கே போய் அந்தக் குழந்தையின் சட்டையை விலக்கிப் பார்த்தார். காறை எலும்புப் பக்கம் கறுப்பாக ஏதோ இருந்தது. காளியாயி முறத்தோடு எழுந்து வந்ததால் சரியாகப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வைகாசியில் பெரியவர்களைக் கூட்டிப் பேசி இரண்டு பிள்ளைகளையும் மாற்றிக்கொள்வது என்று அறிவித்துவிட்டார். அதுவரை குழந்தைக்குப் பெயர் வைக்கவும் விடவில்லை.

குழந்தையின் தாய் செல்லக்கிளி பெயருக்குத்தான் கிளி. பிடித்த பிடியை விடுகிற வழக்கம் அவளிடம் இல்லை. மச்சம் காணாமல் போகவில்லை, முதுகுக்குப் போயிருக்கிறது என்று குழந்தையைத் திருப்பிக் காட்டினாள். மச்சம் நடக்கிறது என்று மருமகள் சொன்னதைக் கேட்டு அழகிரி மார்க்கெட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தார். ரெங்கராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். அப்பா பேசினால் அப்பாவுக்கும் மனைவி பேசினால் மனைவிக்கும் தலையாட்டுவான். ஆனாலும் மாசி மாதத்தில் அவன் ஒரு நல்ல காரியம் செய்தான். சூரியனில் கரும்புள்ளிகள் தெரிவதாக ஒர்க்‌ஷாப்பில் பேச்சு அடிபட்டதால், வீட்டிலும் பார்க்கட்டுமே என்று வெல்டிங் கண்ணாடியை எடுத்துவந்தான். செல்லக்கிளி குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். சூரியனில் மூன்று புள்ளிகள். குழந்தையின் நெஞ்சில் பெரிய மச்சங்கள் மூன்று, அதே கோணலில். மறுநாள் புள்ளிகள் நகர்ந்திருந்தன, மச்சங்களும் நகர்ந்திருந்தன. அவளுக்கு ஆச்சரியத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

அழகிரியிடம் கண்ணாடியை நீட்டியபோது, கண்ணாடியில் மை தொட்டு வைத்தால் யாருக்கும்தான் தெரியும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். செல்லக்கிளி குரலை உயர்த்தவில்லை.

"கொடைக்கானல்ல சூரியனப் பாக்குறதுக்குன்னே வெள்ளைக்காரன் காலத்துலேருந்து ஒரு ஆபீஸ் இருக்காம் மாமா. நீங்களும் வாங்க. அவங்க இல்லேன்னு சொல்லிட்டா, நானே உப்பிலியபுரம் போயி பிள்ளையக் குடுத்துட்டு வரேன்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். சொன்ன சொல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ரெங்கராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. சித்திரையில் மாமனாரும் மருமகளும் குழந்தையும் ரயிலில் கொடை ரோடு வரை போய், அங்கிருந்து மலை பஸ் ஏறினார்கள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தவர் அழகிரிதான். குழந்தை நன்றாகத் தூங்கியது. மேலே அவருக்குப் பழக்கமான மலைவாழை வியாபாரி முகம்மது கனி தங்க ஓர் அறையும் ஆளுக்கொரு கம்பளியும் கொடுத்தார். ஊருக்கு மேலே மலை முகட்டில் இருந்தது அந்த ஆராய்ச்சி நிலையம். கருங்கல் கட்டடம், தலையில் கவிழ்த்த சட்டி போல வெள்ளைக் கூண்டு. உள்ளே நீளமான தொலைநோக்கி வழியாக வரும் சூரியன், சாப்பாட்டுத் தட்டளவு வட்டமாக ஒரு வெள்ளைத் தாளில் விழும். அதிலுள்ள புள்ளிகளைத் தினமும் காலையில் பென்சிலால் குறிப்பது இன்னாசிராஜ் என்ற உத்தியோகஸ்தரின் வேலை. ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போன புகாரைக் கேட்பவர் போல அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, மேகம் விலகினால் பார்த்துவிடலாம் என்றார்.

மேகம் அன்றும் விலகவில்லை, மறுநாளும் விலகவில்லை. மண்டியில் தார் பழுத்துக்கொண்டிருக்கும் என்று அழகிரி பறந்தார்.

"வெளிச்சம் வராம நான் எறங்க மாட்டேன் மாமா. நீங்க வேணா முன்னாடி போங்க" என்று சொல்லிவிட்டு, செல்லக்கிளி கட்டடத்தின் வாசல்படியில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அழகிரி போகவில்லை. போனால் தோற்றவர் யார் என்பதில் குழப்பம் வந்துவிடும்.

மூன்றாம் நாள் காலையில் வெயில் வந்தது. இன்னாசிராஜ் தாளைப் பொருத்துவதற்குள் செல்லக்கிளி கம்பளியைப் பிரித்து, தாள் இருக்கவேண்டிய இடத்தில் குழந்தையைப் பிடித்தாள். சூரியன் குழந்தையின் நெஞ்சில் விழுந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு மச்சத்தின்மேல், சட்டையில் பொத்தான் போட்டதுபோலப் பொருந்தி உட்கார்ந்தது. இன்னாசிராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். தொப்புளுக்குப் பக்கத்தில் கடுகளவு மச்சம் ஒன்று இருந்தது. அங்கேயும் சூரியனில் கடுகளவு புள்ளி இருந்தது. அதற்குள் குழந்தை அவர் மேலும் தாளின் மேலும் ஒன்றுக்குப் போய்விட்டதால் வேறு தாள் எடுக்கவேண்டி வந்தது.

அழகிரி அசையவில்லை. "முன்னாடி சரி சார். முதுகுல ஏழெட்டு இருக்கே, அது எந்தக் கணக்கு?"

"சூரியனோட முதுக இங்கேருந்து பாக்க முடியாதுங்க" என்றார் இன்னாசிராஜ். "அது திரும்பி வந்தாத்தான் தெரியும்."

"அப்பப் பாதிதான் சரி" என்று அழகிரி துண்டை உதறித் தோளில் போட்டார்.

செல்லக்கிளி குழந்தையைத் திருப்பினாள். வலது விலாவுக்குச் சற்றுப் பின்னால் ஒரு ஜோடி மச்சம் இருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள். "இது நாளைக்கு முன்னாடி வந்துரும். பெருசு மேல, சிறுசு கீழ. சூரியன்லயும் அதே மாதிரி வரலேன்னா நான் தோத்தேன். பெரியவங்களக் கூட்டவே வேணாம்."

அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வழியிலேயே கரைந்துபோகிற மச்சங்களை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். மணிக்கொரு தரம் குழந்தையின் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அம்மா கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள் என்று நினைத்துக் குழந்தை சிரித்தது.

மறுநாள் காலையில் இன்னாசிராஜ் முதலில் அழகிரியைத்தான் கூப்பிட்டார். சூரியனின் இடது விளிம்பில் அப்போதுதான் எட்டிப்பார்த்த இரண்டு புள்ளிகள் இருந்தன, பெரியது மேலே, சிறியது கீழே. அழகிரி வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் பின் முதல்முறையாகக் குழந்தையைக் கையில் வாங்கித் தன் துண்டால் சுற்றினார். "பிள்ளைக்குக் குளுருது. நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே நிக்கிற" என்று மருமகளைத்தான் கோபித்துக்கொண்டார். செல்லக்கிளி அதற்கும் அழுதாள்.

பெரியவர்கள் கூடவேண்டிய நாளில் பெயர் வைத்தார்கள். அழகிரியின் அம்மா பெயர் வெள்ளையம்மாள். உடம்பெல்லாம் கரும்புள்ளி உள்ள பிள்ளைக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று அவர் எதிரில் கேட்க ஆளில்லை. உப்பிலியபுரத்துக்கு ஒரு நல்ல தார் அனுப்பி மன்னிப்புக் கேட்டார். காளியாயி பழத்தை வாங்கிக்கொண்டாள், அடுத்த முறை வந்தால் முறம் தயார் என்றும் சொல்லியனுப்பினாள். இன்னாசிராஜ் லீவில் இறங்கும்போதெல்லாம் மேலூர் வந்து, சூரியனின் மறுபக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார். குழந்தை வளர்ந்து வெட்கப்படத் தொடங்கியபின் செல்லக்கிளி பார்த்துச் சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டார். சூரியனில் புள்ளி கூடினால் ரேடியோ கெடும் என்று அவர் சொல்லிவைத்ததிலிருந்து, இலங்கை வானொலி கரகரத்த நாட்களில் பிள்ளைக்கு மச்சம் அதிகமா என்று டீக்கடைக்காரர் விசாரித்தார். அதிகமாகத்தான் இருந்தது.

வருஷம் போகப்போக மச்சங்கள் குறைந்தன. பத்துப் பதினோரு வருஷத்துக்கு ஒரு தரம் சூரியன் அப்படித்தான், பிறகு பெருகும் என்றார் இன்னாசிராஜ். 1964 ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வெள்ளையம்மாள் பெயருக்கு ஏற்றபடி இருந்தாள். அங்க அடையாளம் இரண்டு வேண்டும் என்று தலைமை ஆசிரியர் கை, கால், கழுத்து எல்லாம் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அடையாளம் இல்லாமல் எப்படிச் சேர்ப்பது என்று பேனாவை மூடினார். செல்லக்கிளி வாயெடுப்பதற்குள் அழகிரி முந்திக்கொண்டார்.

"ஆயிரம் பிள்ளைக்கு நடுவுல விட்டாலும் என் பேத்திய நான் கண்டுபிடிச்சுருவேங்க. என்னைய எழுதிக்கங்க."

தலைமை ஆசிரியர் பேனாவைத் திறந்து, ஒன்று, தாத்தா அழகிரி என்று எழுதினார். இரண்டாவது என்ன என்று தலைநிமிராமல் கேட்டார். அழகிரி மருமகளை முன்னால் வரச் சொன்னார். தலைமை ஆசிரியர் அவள் பெயரையும் எழுதிக்கொண்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.