அகரவரிசையில் அடுக்கிய ரத்தம்

1

இதை எழுதக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதிலிருந்துதான் இந்தக் கதையே வந்தது. எழுதாமல் சும்மா உட்கார முடியவில்லை.

2

பல வருடம் நூலகராக இருந்த ஒரு பெண், உயிரியல் தரவுகளைப் பராமரிக்கும் பயிற்சியில்

(அடித்துவிட்டேன். அந்தப் பெண் என் அக்கா. சுற்றி வளைப்பானேன்?)

பயிற்சி வகுப்பில் ஆசிரியைக்கு எப்போதும் ஒரே பாட்டு: "மூலக் கோப்பைத் தொடாதீங்க. நகல் எடுத்து அதுல வேலை பாருங்க." அக்காவும் தலையாட்டினாள். பிறகு, பயிற்சியோடு வேலைக்கும் சேர்ந்திருந்த ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனைப் பட்டியல் ஒன்று அவள் கைக்கு வந்தது. இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் முடிவுகள். பெயர்கள் தாறுமாறாகக் கிடந்தன. நூலகருக்குப் பொறுக்குமா? பெயர்களை மட்டும் அகரவரிசையில் அடுக்கினாள். முடிவுகள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அப்படியே சேமித்தாள், மூலக் கோப்பில்.

[அடிக்குறிப்பு: பட்டியல் பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததாம்.]

3

இங்கே ஒரு பாத்திரம் வேண்டும். பட்டியலில் இருக்கும் ஒருவன். அவன் அப்பா கைகால் இழுத்து, கடைசியில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் போனவர். அதே மரபணுக் கோளாறு தனக்கும் உண்டா என்று பார்க்க அவன் ரத்தம் கொடுத்தான். போன வாரம் டாக்டர் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போனில், "உங்களுக்கு இல்லைங்க" என்றார். அவன் உடனே

அவன் என்ன அவன், நான்தான். போன உயிர் திரும்பி வந்தது. என் மகளுக்கும் சேர்த்து வந்த "இல்லை" அது. அக்கா மட்டும் பரிசோதனைக்கு வரவில்லை, தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

4

இன்று வகுப்பில் இதே மாதிரித் தவறு ஒன்றை ஆசிரியை உதாரணமாக விளக்கிக் காட்டியபோதுதான் அக்காவுக்கு உறைத்திருக்கிறது. வெளியே வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"உனக்குச் சொன்னது உன் ரிசல்ட்டுதானான்னு தெரியலடா. பழைய வரிசை போச்சு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. சொன்னா எல்லாருக்கும் திரும்ப டெஸ்ட் பண்ணுவாங்க. உனக்கும்தான். என் வேலை போனா போகுது. யோசிச்சு வை, சாயங்காலம் கூப்பிடுறேன். சொல்லட்டுமா, வேணாமா? இதையும் கதையா எழுதித் தொலைக்காத."

அந்த "இல்லை" என்னுடையது இல்லையென்றால், என்னுடைய "இருக்கு" வேறு யார் வீட்டிலோ இருக்கிறது. அங்கே அடுப்புகூடப் பற்றவைத்திருக்க மாட்டார்கள்.

5

முடிவு ஒன்று: அக்கா சொல்லிவிடுகிறாள். மறுபரிசோதனையிலும் எனக்கு நோய் இல்லை.

(நம்புவீர்களா? எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு இரண்டு: அக்கா வாயைத் திறக்கவில்லை. நான் நிம்மதியாக

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

சரியான முடிவு எது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். இதோ, போன் அடிக்கிறது. அக்காதான். நீங்கள் எடுத்துப் பேசுங்களேன்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் டாக்டர் உங்களைக் கூப்பிட்டு, "உங்களுக்கு இருக்குங்க" என்று சொன்னாரா?