நாற்பதாம் பக்கத்து நீல மை

திருநகரில் ஆர்த்திகாவுக்குப் படிக்கிற பிள்ளை என்று பெயர். என்ன படிக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெயர் கெட்டிருக்கும். பி.காம். இரண்டாம் ஆண்டுக்காரி, கொலை நாவலைத் தவிர எதையும் விரும்பித் தொடுவதில்லை. மூன்றாம் பக்கத்துக்குள் பிணம் விழாத புத்தகத்தை அவள் மதிப்பதே கிடையாது.

அவளுக்கு வந்த கேடு கிளை நூலகத்தில் இருந்தது. எந்தக் கொலை நாவலை எடுத்தாலும் நாற்பதாம் பக்கத்து ஓரத்தில் நீல மையில் யாரோ எழுதியிருப்பார்கள்: 'டிரைவர்தான்.' 'பெரிய மருமகள்தான்.' கடைசிவரை படித்தால் டிரைவரேதான், பெரிய மருமகளேதான். ஓரத்தைக் கையால் மறைத்தும் படித்துப் பார்த்தாள். பார்க்காதே என்றால் கண் அங்கேதான் போகும். இருபத்துமூன்று புத்தகங்கள் இப்படிப் பாழாயின. ஒரே ஒரு நாவலையாவது கொலைகாரன் யாரென்று தெரியாமல் படித்துவிட வேண்டும், அதுதான் அவள் ஆசை. ஆத்திரம் தாங்காமல் ஒரு புத்தகத்தில் அந்த நீல மைக்குக் கீழே 'உனக்கு அறிவிருக்கா?' என்று எழுதியும் வைத்தாள்.

நூலகர் ராஜாராமனிடம் முறையிட்டாள். "புத்தகத்துல எழுதக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கோம்லம்மா," என்றார். அத்தோடு அவர் கடமை முடிந்தது.

துப்பறியும் வேலையை அவளே ஏற்றுக்கொண்டாள். தினமும் சாயங்காலம் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, திரும்பி வருகிற ஒவ்வொரு கொலை நாவலையும் புரட்டினாள். நான்காம் நாள் சீருடையில் ஒரு பெண் போலீஸ் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர்ப்பட்டையில் தங்கப்பொண்ணு என்று இருந்தது. அவர் திருப்பிக் கொடுத்த புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில், 'கொழுந்தன்தான்.'

வாசலில் வண்டியை எடுக்கப்போனவரை மறித்தாள். மறித்தது போலீஸை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"இத நீங்கதான எழுதுனீங்க?"

"ஆமா," என்றார் தங்கப்பொண்ணு. "சரியா, தப்பா?"

"உங்களுக்கே தெரியாதா?"

"பன்னெண்டு வருஷ சர்வீஸும்மா. அழகர்கோவில் பந்தோபஸ்து, ஜல்லிக்கட்டு பந்தோபஸ்து, மந்திரி வந்தா பந்தோபஸ்து. ஒரு கேஸுலகூட என்னய விட்டதில்ல. நிக்கிற எடத்துல இதத்தான் படிக்கிறது. நாப்பது பக்கம் போறதுக்குள்ள திருப்பிக் குடுக்குற தவணை முடிஞ்சிருது. அதான் யாரா இருக்கும்னு எழுதி வச்சுக் குடுத்துர்றது. யாராச்சும் கீழ சரி, தப்பு போடுவாகன்னு அப்பப்ப வந்து பொரட்டிப் பாப்பேன்."

"கடைசிப் பக்கத்தப் பாத்திருக்கலாம்ல?"

"அது பிட் அடிக்கிற மாதிரி ஆயிரும்ல."

தங்கப்பொண்ணு வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார்.

"ஒரே ஒரு ஆளுதான் எழுதிருந்தாக. அறிவிருக்கான்னு. அம்புட்டும் தப்பு போலன்னு நெனச்சேன். எஸ்.ஐ. பரீட்சை எழுதலாம்னு இருந்தேன், அதயும் விட்டுட்டேன். ஆனா இத எழுதாம இருக்க முடியல."

ஆர்த்திகாவுக்கு வெட்கமாக இருந்தது. தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த அம்மாள் இனிப் பேனாவைத் திறக்க மாட்டார். ஆயுசுக்கும் நிம்மதியாகப் படிக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நான் இருபத்திமூணு படிச்சேன்க்கா. இருபத்திமூணும் சரி. அறிவிருக்கான்னு எழுதுனது நாந்தான்."

தங்கப்பொண்ணு வண்டிச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருபத்திமூணுமா?"

"அம்புட்டும்."

"அப்ப நாப்பது பக்கம் எதுக்கு? இனிமே இருபதுலயே எழுதிரலாம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் ஆர்த்திகா வாயைத் திறந்தாள்.

"எழுதுங்கக்கா," என்றாள். "நான் கீழ சரி போட்டுர்றேன்."