எட்டுக் கிரகம் போன பிறகும்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது பம்பாய் மாட்டுங்காவில் எந்தத் தாய்க்கும் பெரிய காரியமில்லை. நாகலக்ஷ்மிக்கோ அது தினசரி யமகண்டம். மாடிப்படி இறங்கும்போதே வலது கை விரல்கள் இடது மணிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். கேட்டைத் தாண்டினால் நாடி தடதடக்கும். தெருமுனை வந்ததும் உள்ளங்கை வேர்த்து, மூச்சு இரைக்கும். ஒன்பது வயது ஷ்யாமளா, "அம்மா, மணி அடிச்சுடுவா, வாயேன்!" என்று கையைப் பிடித்து இழுப்பாள். பாதி நாள் இருவரும் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அறுபத்திரண்டு பிப்ரவரியில் எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடுகிறது, உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் நடுங்கியதே, இந்த வினை அப்போதுதான் வந்தது. பம்பாய் மட்டும் விதிவிலக்கா என்ன? மாட்டுங்காவில் பந்தல் போட்டு, ஹோமம் வளர்த்து, சஹஸ்ரநாமம் ஓயாமல் சொன்னார்கள். நாகலக்ஷ்மியின் கணவன் நாணு ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. படித்த மனுஷன்தான், அவனே வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு உலகம் முடியக் காத்திருந்தான்! அந்தப் பந்தலில், ஹோமப் புகைக்கும் கும்பலுக்கும் நடுவே, நாகலக்ஷ்மியின் நெஞ்சு முதல் முதலாக அப்படி அடித்துக்கொண்டது. இதோ உயிர் போகிறது என்றே நினைத்தாள்.

உயிரும் போகவில்லை, உலகமும் அழியவில்லை. மறுநாளே நாணு வழக்கம்போல் ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனான். சாயங்காலம் வந்து ஜோசியர்களை வாய்க்கு வந்தபடி கிண்டலடித்தான். ஊரே சிரித்தது. கிரகங்கள் அதது வேலையைப் பார்க்கப் போய்விட்டன. அவளுடைய படபடப்பு மட்டும் போகவில்லை. எல்லாரும் சிரிக்கிற இடத்தில் இதை யாரிடம் போய்ச் சொல்லுவாள், பாவம்!

சொல்லாமலே வைத்திருந்தவள் ஒருநாள் காய்கறி மார்க்கெட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா? "ஹார்ட்டாக்கும். அசையவே விடப்படாது" என்று கட்டடத்து மாமிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். எல்லாருமே பாலக்காட்டிலிருந்து வந்து ஒரே கட்டடத்தில் கூடு கட்டியவர்கள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் மற்றவர்கள் கஷாயத்தோடு நிற்பார்கள். ஒருத்தி குழம்பு கொண்டுவந்தாள், ஒருத்தி தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள், ஒருத்தி ஷ்யாமளாவுக்குத் தலை பின்னிவிட்டாள். எல்லாம் நல்ல மனசுதான். ஆனால் நாகலக்ஷ்மிக்கு, படுத்துக்கொண்டு நாடியைப் பிடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. படுக்கப் படுக்க பயம் கொழுத்தது.

நாணு அவளைச் சயான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். மராட்டிக்கார லேடி டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னாள். இருதயத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. இது பயம் உடம்பில் செய்கிற வேலை. புலியைக் கண்டால் உடம்பு ஓடத் தயாராகுமே, அந்தத் தயாரிப்புத்தான் இது, புலிதான் இல்லை. படுத்துக் கிடக்காதே, தினமும் வேர்க்க வேர்க்க நட. படபடப்பு வந்தால் தப்பி ஓடாதே. அங்கேயே நின்று மூச்சை மெதுவாக வெளியே விடு, 'இது பயம், தணிந்துவிடும்' என்று உனக்கே சொல்லிக்கொள். அப்படியும் குறையாவிட்டால் என்னிடம் திரும்பி வா.

இத்தனையிலும் நாணுவின் காதில் விழுந்தது முதல் வரி மட்டும்தான். பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டான். "ஒண்ணுமில்லையாம்! இத்தனை நாளா எல்லாரையும் ஆட்டி வெச்சிருக்கே. ஆபீஸ்ல லீவு கேட்டுக் கேட்டு என் மானம் போறது."

நாகலக்ஷ்மி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வியாதிக்காரி என்று இரங்கியவர்கள் இனி வேஷக்காரி என்பார்கள். அந்த அவமானத்தில் டாக்டர் சொன்ன மற்றதெல்லாம் அவளுக்கும் மறந்துபோயிற்று. டாக்டருக்கே பிடிபடாத ஏதோ ஒன்று தன்னைக் கொல்லப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். பாலக்காட்டிலிருந்து அண்ணா சுப்ரமணியனை வரவழைத்தாள்.

"வழியில நான் பொத்துனு விழுந்தேன்னா கொழந்தை நடுரோட்டுல நிக்கும் அண்ணா. அவ உங்காத்துலயே வளரட்டும். ஸ்கூல்லயும் அங்கேயே சேர்த்துடு" என்றாள். நாணு முணுமுணுத்தான். அவளுடைய அழுகைக்கு முன்னால் அது எடுபடவில்லை.

புறப்படுகிற நாளும் வந்தது. நாணுவும் சுப்ரமணியனும் டாக்ஸி பிடிக்கப் போயிருந்தார்கள். தலைவாரிப் பொட்டு வைக்கக் கூப்பிட்டால் குழந்தையைக் காணோம். கீழ்வீட்டு மாமி, "ஃபைவ் கார்டன்ஸ் பக்கமா அழுதுண்டே போனாளே!" என்றாள்.

நாகலக்ஷ்மி ஓடினாள். செருப்பு இல்லை, கை மணிக்கட்டுக்குப் போகவில்லை. கேட்டைத் தாண்டினாள், தெருமுனையைத் தாண்டினாள், வண்டிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்தாள். அங்கே இருந்த ஐந்து தோட்டங்களிலும் ஒவ்வொன்றாக, ஷ்யாமளாவின் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள். கடைசித் தோட்டத்தில் ஒரு பெஞ்சியில் ஷ்யாமளா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் என்னம்மா தப்பு பண்ணினேன்? ஏன் என்னை அனுப்பறே?"

நாகலக்ஷ்மிக்கு மூச்சு இரைத்தது. பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அம்மாவின் மார்பு எகிறுவது குழந்தையின் காதுக்கே கேட்டது. "அம்மா, நீ ஓடியா வந்தே? நெஞ்சு இப்படி அடிச்சுக்கறதே, பயமா இல்லையா?"

அப்போதுதான் நாகலக்ஷ்மி தன்னைக் கவனித்தாள். அதே அடிப்பு, அதே வேர்வை, அதே மூச்சிரைப்பு. ஆனால் சாவு நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லை! இத்தனை தூரம் ஓடித் தாங்குகிற இருதயமா மாடிப்படியில் நின்றுவிடப் போகிறது? லேடி டாக்டர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்ததில், நெஞ்சு தானாக அடங்கியது.

திரும்பும் வழியில் தெருமுனையில் அந்தப் படபடப்பு மறுபடி வந்தது, விடுமா? அவள் அங்கேயே நின்றாள். மூச்சை மெதுவாக, நீளமாக விட்டாள். "இது பயம். தணிஞ்சுடும்" என்று வாய்விட்டே சொன்னாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டுமே! கொஞ்ச நேரம் குலுக்கிவிட்டு அது இறங்கியது. இருவரும் நடந்தார்கள்.

வாசலில் டாக்ஸியை நிறுத்திவிட்டு நாணு குதித்துக்கொண்டிருந்தான். "எங்கே போய்ட்டேள் ரெண்டு பேரும்? ரயில் போயிடும்!"

"அண்ணா மாத்திரம் போகட்டும். கொழந்தை எங்கேயும் போகல்லை" என்றாள் நாகலக்ஷ்மி.

நாணு அவளை மேலும் கீழும் பார்த்தான். வேர்வை, வெறுங்கால், கலைந்த தலை. அவன் குரல் இறங்கிவிட்டது. "ஓடிண்டா வந்தே? நெஞ்சு எப்படி இருக்கு?"

"அடிச்சுண்டது. நாளைக்கும் அடிச்சுக்கும். தினம் காலம்பற நடக்கப்போறேன், நீங்களும் கூட வரணும்."

"வரேன். ஆனா டாக்டர் ஒண்ணுமில்லைன்னுதானே..."

"ஒண்ணுமில்லைன்னு அவ சொல்லல்லை, பயம்னு சொன்னா. பயமும் ஒரு நோவுதான், நடிப்பில்லை. பொத்திப் பொத்திப் படுக்க வெச்சா அது வளரும். பேர் சொல்லிக் கூப்பிட்டு, எழுந்து நடந்தா அடங்கும். பயப்படறதுல வெக்கமே இல்லை. அந்தப் பயத்துக்குப் பயந்து, பெத்த கொழந்தையைக் கண்காணாம அனுப்பப் பார்த்தேனே, அதுதான் வெக்கம்."