காத்திருக்கச் சொன்ன குரல்

லீவு நாளில் சின்ன விமானம் ஓட்டும் அந்தப் பல் டாக்டருக்கு ஆகாயத்தில் பயமில்லை. ரேடியோவில் பேசுவதற்குத்தான் பயம். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்க வைப்பவளுக்கு, விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையோடு பேசவேண்டும் என்றால் தன் வாய் ஒட்டிக்கொள்ளும்.

அன்று மத்தியானம் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, இரண்டு பேர் மட்டும் போகக்கூடிய சின்ன விமானத்தைக் கிளப்பினாள். வழியில் பெரிய விமான நிலையத்தின் வான்பரப்பு குறுக்கே வந்தது. அனுமதி வாங்காமல் அதற்குள் நுழையக் கூடாது.

"உங்க பகுதியைத் தாண்டி தெற்கே போகணும். உயரம் ரெண்டாயிரம் அடி. அனுமதி வேணும்" என்று ரேடியோவில் ஒப்பித்தாள்.

"காத்திருங்க" என்றது ஓர் ஆண்குரல்.

எல்லைக்கு வெளியே வட்டமடித்தாள். இடப்பக்கம் மழைமேகம் சுவர்போல் எழும்பிவர, வலப்பக்கம் ஒதுங்கினாள். திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தாள்.

"ஏன்டி, முகமே வெளுத்துப்போச்சு?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் பேசாம இரு."

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ராடாருக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் கருவியை, கிளம்பிய அவசரத்தில் அவள் போடவே இல்லை. அந்தக் குரலுக்கு அவள் உள்ளே இருப்பதே தெரியாது. சத்தமில்லாமல் வெளியே நழுவிவிடலாம். விமானம் ஓட்டும் உரிமம் பிழைக்கும்.

கைப்பிடியைத் திருப்பப் போனவளுக்கு ரேடியோவில் அதே குரல் கேட்டது. தரையிறங்க வரும் பயணிகள் விமானம் ஒன்றிடம் அது சொன்னது: "ரெண்டாயிரம் அடிக்கு இறங்குங்க."

அவள் பறப்பதும் அதே உயரத்தில். கருவியைப் போட்டாள். ரேடியோ பொத்தானை அழுத்தினாள்.

"தப்பு பண்ணிட்டேன். அனுமதியில்லாம உள்ள வந்துட்டேன். ராடார் கருவியும் போடல. ரெண்டாயிரத்துல இருக்கேன்."

உடனே அந்தக் குரல் பெரிய விமானத்திடம், "இறங்காதீங்க, மேல ஏறுங்க, இப்பவே" என்றது. அடுத்து அவளிடம், "பாத்துட்டேன். மேற்கே திரும்புங்க. உயரத்தை மட்டும் மாத்திடாதீங்க" என்றது.

திரும்பினாள். மேகத்துக்குள்ளிருந்து பயணிகள் விமானத்தின் வெள்ளை வயிறு தலைக்கு மேலே பாய்ந்து போனது. சின்ன விமானம் தகரடப்பாபோலக் குலுங்கியது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு தங்கையின் தொடையைப் பிடித்தாள்; நகம் பதிந்தது.

தெற்கே இருந்த ஓடுதளத்தில் இறங்கினாள். தரையிலேயே உட்கார்ந்து கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். அந்தக் குரல்காரரிடம் இணைத்தார்கள்.

"நான் ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும்" என்றார் அவர்.

"எழுதுங்க சார்."

"நீங்க வாயத் திறக்கலேன்னா, உள்ள வந்தது எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா. வேலைய வேற ஆள்கிட்ட கொடுத்துட்டு வெளிய வந்து நிக்கறேன்."

இருவருக்கும் போனை வைக்க மனசு வரவில்லை. அக்கா, ஊர் திரும்ப பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க வாசல் பக்கம் போய்விட்டிருந்தாள்.